புரட்டாசியில் மக்காபே காடு: கேள்வியும் பதிலும்

மொரீஷியஸில் நமக்குப் புரட்டாசி என்றால் விரதம். அதே நாட்களில்தான் மேட்டுக் காட்டுக்கு வசந்தமும் வரும். பெத்ரேன் என்ற இடத்திலிருந்து மக்காபே காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

தொங்கும் இளஞ்சிவப்புப் பூ ஒன்றுக்குள் மஞ்சள் தேன் பார்த்தேன். தேனுக்கு நிறம் உண்டா அண்ணா? (ரோஸ் ஹில்)

நல்ல கண் தங்கச்சி உனக்கு! அது த்ரொக்கேஷியா பிளாக்பர்னியானா, இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத செடி. பெரும்பாலான பூக்களில் தேன் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், இதில் மஞ்சள். இதன் உறவுச் செடியான பூக்கிள் டோரேயில் சிவப்பு. பூக்கிள் டோரே 1992 முதல் நம் தேசிய மலர், இயற்கையாக வளர்வது லெ மோர்ன் மலையில் மட்டும்.

நிறம் பல்லிக்கான அழைப்பு. செயற்கைப் பூக்களில் நிறத் தேனையும் தெளிந்த தேனையும் வைத்துப் பார்த்தபோது, நம் பகல் பல்லிகள் நிறத் தேனைத்தான் நாடின. நீ பார்த்த செடிக்குப் பக்கத்தில் தாழைப் புதர் இருந்ததா? பச்சை உடலும் நீல வாலும் கொண்ட பல்லி தாழை மடல்களுக்குள்தான் பதுங்கும். அதனால் தாழையை ஒட்டி நிற்கும் செடிக்குப் பல்லி அதிகம் வரும், காயும் நன்றாகப் பிடிக்கும். அடுத்த முறை அங்கே பத்து நிமிடம் அசையாமல் நின்று பார். பல்லி பூவுக்குள் தலையை விட்டு, மகரந்தம் அப்பிய முகத்தோடு வெளியே வருவதைப் பார்த்தால் மறக்கவே மாட்டாய்.

அந்தப் பூவை வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பறிக்கலாமா? (காத்ர் போர்ன்)

வேண்டாம் அக்கா. அந்தக் காடு தேசியப் பூங்கா, பறிக்கக் கூடாது. ஒரு பூ போனால் பல்லிக்கு ஒரு வாய்த் தேன் போச்சு, காட்டுக்கு ஒரு காய் போச்சு. வீட்டுச் செம்பருத்தியே சாமிக்குப் போதும்.

ஒரே மரத்தின் அடியில் குறுகிய இலை, உச்சியில் அகன்ற இலை. நோயா ஐயா? (வாக்வா)

நோய் இல்லை. இங்கே பல மரங்கள் சின்ன வயதில் ஓர் இலையும் வளர்ந்த பிறகு வேறோர் இலையும் விடும். ஒரு காலத்தில் பெரிய ஆமைகள் இந்தக் காட்டில் மேய்ந்தன. ஆமைக்கு எட்டும் உயரத்தில் இலை வேறு மாதிரி இருந்தால் அது தின்னாமல் விட்டுப் போகும் என்பது அறிஞர்கள் கருத்து. அல்டாப்ரா தீவின் பெரிய ஆமைகளுக்கு இரண்டு வகை இலையையும் கொடுத்துப் பார்த்தார்கள், முதிர்ந்த மரத்தின் இலையைத்தான் அவை விரும்பித் தின்றன. நம் ஆமைகள் அழிந்து போயின. ஆனாலும் மரம் இன்னும் அவற்றுக்குப் பயந்தே இலை விடுகிறது. அந்த இடத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

டோடோ பறவை தின்று கழித்தால்தான் தம்பலகோக் மரத்தின் விதை முளைக்குமாமே? (போர்ட் லூயிஸ்)

1977இல் டெம்பிள் என்ற அறிஞர் அப்படித்தான் எழுதினார். டோடோ அழிந்து போனதால் அதற்குப் பதிலாக வான்கோழிகளுக்கு 17 விதைகள் ஊட்டினார், 3 முளைத்தன. ஆனால் ஊட்டாத விதைகளை அவர் பக்கத்தில் நட்டு ஒப்பிடவில்லை. பறவை வயிற்றுக்குள் போகாமலும் அந்த விதை முளைக்கும் என்பது பிறகு தெளிவானது. கதை அழகுதான், பிள்ளைகளுக்குச் சொல்லும்போது மீதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா, பாம்பு பயமா இருக்கு. (ஃபீனிக்ஸ்)

தாராளமாகப் போகலாம் அம்மா, ஆபத்தான விஷப்பாம்பு நம் தீவில் இல்லை. மழைச் சட்டை மட்டும் மறக்காதீர்கள்.

பாதை ஓரமெல்லாம் சீனக் கொய்யா. அதுவும் காட்டு மரம்தானே? (கியூர்பிப்)

இல்லை தம்பி, பிரேசிலிலிருந்து கொண்டு வந்தது. பழம் ருசிதான், நானும் பொறுக்கித் தின்றவன். ஆனால் அதன் நெருக்கத்துக்குக் கீழே கருங்காலிக் கன்று எழும்ப முடியாது. நல்ல நிலையில் மிஞ்சிய பழைய காடு தீவின் பரப்பில் 2 சதவீதம்கூட இல்லை. கொய்யாவைக் களைந்து வேலி போட்ட பகுதிகள் மக்காபே பக்கம் உண்டு. வேலியின் இரண்டு பக்கத்தையும் பார், தரையில் எத்தனை வகைக் கன்று நிற்கிறது என்று எண்ணு. எண்ணியதை எனக்கும் எழுது.