பார்ட் டைம் சம்பளத்தில் ஃபீஸ் கட்ட முடியுமா?

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம். மகன் சேலத்தில் பி.இ. முடித்து, இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்சி.க்கு இடம் வாங்கியிருக்கிறான். ஃபீஸ் 16,500 பவுண்டு. பாதியை நாங்கள் கட்டினால் போதுமாம். மீதி ஃபீஸையும் தங்குகிற, சாப்பிடுகிற செலவையும் வாரம் 20 மணி நேர வேலையிலேயே பையன் சம்பாதித்துக்கொள்வான் என்கிறார்கள் கன்சல்டன்சியில். தோட்டத்தில் நிற்கிற சில்வர் ஓக் மரங்களை விற்றால் பாதி ஃபீஸ் தேறும். விற்கலாமா மேடம்?
– பெயர் வேண்டாம், ஏற்காடு

பதில்: இப்போதைக்கு விற்காதீர்கள் ஐயா. அந்த மரத்தில்தானே மிளகுக் கொடியும் ஏற்றியிருப்பீர்கள்? மரம் போனால் மிளகும் போச்சு.

உங்களுக்குப் போட்டுக் காட்டிய அதே கணக்கை 2015-இல் எனக்கும் போட்டுக் காட்டினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கால்குலேட்டரைத் தட்டி, திருப்பி என் அப்பாவிடம் நீட்டினார். அப்பா அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறவர். மாதச் சம்பளம் என்று அதில் தெரிந்த ரூபாயைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். வரவு மட்டும்தான் அதில் இருந்தது, செலவு இல்லை. எனக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இன்றைய கணக்கைப் போடலாம். 21 வயது நிறைந்தவர்களுக்கு அங்கே சட்டப்படி குறைந்தபட்சக் கூலி 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 12 பவுண்டு 71 பென்ஸ். 20 மணி நேரத்துக்கு 254 பவுண்டு. ஒரு வாரம்கூட லீவு போடாமல், காய்ச்சலில் படுக்காமல், 52 வாரமும் முழுசாக வேலை பார்த்தால் 13,218 பவுண்டு. பவுண்டு 120 ரூபாய் என்று வைத்தால் மாதம் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். கால்குலேட்டரில் காட்டுவது இதைத்தான். ஆனால் ஃபீஸ் 16,500. பையன் வருடம் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடித்து பஸ் ஸ்டாண்டில் படுத்தாலும் ஃபீஸுக்கே 3,282 பவுண்டு துண்டு விழுகிறது.

சரி, ஃபீஸை விடுங்கள், சாப்பாடும் வாடகையுமாவது கட்டுப்படியாகுமா? மாணவருக்கு மாதம் இவ்வளவு வேண்டும் என்று விசாவுக்கு அந்த அரசாங்கமே ஒரு தொகை வைத்திருக்கிறது. லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்டு, லண்டனில் 1,529. முழு 20 மணி நேரமும் வேலை கிடைத்தால் மாதத்துக்கு வருவது 1,101. அவர்கள் போட்ட கணக்குக்கே எட்டவில்லை.

‘பாதி ஃபீஸ் போதும்’ என்ற கதை விசாவிலேயே நின்றுவிடும். கட்டாமல் நிற்கிற ஃபீஸ் முழுவதையும், அதோடு ஒன்பது மாதச் செலவுக்கு 10,539 பவுண்டையும் (லண்டன் இல்லையென்றால்) காட்டினால்தான் விசா. சேமிப்பாகக் காட்டினால் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருந்திருக்க வேண்டும். ‘ஷோ மணி நாங்களே ஏற்பாடு பண்ணுகிறோம், வட்டி மட்டும் கொடுங்கள்’ என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இருபத்தெட்டாவது நாள் அந்தப் பணம் திரும்பப் போய்விடும், பையன் அங்கே வெறுங்கையோடு நிற்பான். மருத்துவத்துக்கென்று விசாவோடு சேர்த்து வாங்குகிற சர்சார்ஜ் தனி. ஒரு வருடப் படிப்புக்குச் சாதாரணமாக 1,164 பவுண்டு.

அடுத்து, 20 மணி நேரம் என்பது அதற்கு மேல் போகக் கூடாது என்கிற வரம்பு. அவ்வளவு நேரம் வேலை கொடுப்போம் என்று யாரும் சொல்லவில்லை. இதைத்தான் நான் லேட்டாகப் புரிந்துகொண்டேன். வேலைக்கு எடுக்கிறவர்களில் நிறையப் பேர் ‘ஜீரோ அவர்’ ஒப்பந்தம் போடுவார்கள். கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. மழை கொட்டினால் உங்கள் தோட்டத்தில் அன்றைக்கு ஆள் கூலி கிடையாது அல்லவா? அங்கே வெயிலடித்தாலும் நிற்கும். நான் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினேன், மணிக்கு 6 பவுண்டு 70 பென்ஸ். கிறிஸ்துமஸ் விருந்து நடக்கிற டிசம்பரில் வாரம் 20 மணி நேரம் தாராளமாகக் கிடைத்தது. கழுவுகிற மிஷினைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும், விரல் நுனியெல்லாம் வெடித்துவிடும், அம்மா கொடுத்துவிட்ட தேங்காய் எண்ணெய் தலைக்குப் போனதைவிடக் கைக்குப் போனதுதான் அதிகம். ஜனவரி பிறந்தது. பஸ்ஸுக்குக் காசு கொடுத்து ஏறி உட்கார்ந்த பிறகு மெசேஜ் வந்தது: ‘இன்று வர வேண்டாம்.’ அந்த மாதம் நான் மொத்தமாக வேலை பார்த்தது 19 மணி நேரம். வாடகை கொடுத்தது வங்கிக் கடன்தான்.

உங்கள் மகனிடம் மூன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள். இரண்டு இடத்தில் வேலை பார்த்தாலும் எல்லாம் சேர்த்துத்தான் 20. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு. போன வாரம் 12 தானே பார்த்தேன், இந்த வாரம் 28 பார்க்கிறேன் என்றால் அது விசா மீறல். இரண்டாவது, பைக்கில் சாப்பாடு டெலிவரி. அது சுயதொழில் கணக்கு, மாணவர் விசாவில் கூடாது. அடுத்தவர் பெயரிலுள்ள ஆப்பை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிற பையன்கள் உண்டு. மாட்டினால் படிப்பு, ஃபீஸ், ஊர் மானம் எல்லாம் ஒரே நாளில் போகும். மூன்றாவது, கோடை விடுமுறையில் முழுநேரம் உழைத்துச் சமாளிக்கலாம் என்கிற கனவு. பி.எஸ்சி. படிக்கிறவர்களுக்குத்தான் கோடை விடுமுறை. ஒரு வருட எம்.எஸ்சி.யில் கோடையில்தான் ஆய்வறிக்கை எழுத வேண்டும். அதுவும் படிப்புக் காலம்தான், 20 மணி நேரம்தான்.

அப்படியானால் போகவே வேண்டாமா என்று கேட்பீர்கள். போகட்டும். ஃபீஸும் வாடகையும் கடனிலோ கையிருப்பிலோ முழுசாக இருந்தால் போகட்டும். பார்ட் டைம் சம்பளம் அரிசி, பருப்பு, போன், பஸ்ஸுக்கு. அதற்குத் தாராளமாகப் போதும், எனக்குப் போதுமானதாக இருந்தது. கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்டச் சொல்வதில்லை என்பது பொதுவான ஏற்பாடு. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். அங்கே சம்பாதிப்பதில் மாதம் ஏதாவது மிஞ்சினால் அந்த வட்டியைக் கட்டச் சொல்லுங்கள். கடன் பணத்திலிருந்து ஃபீஸ் அனுப்பினால் 2025 ஏப்ரலிலிருந்து டி.சி.எஸ். (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கிற வரி) பிடிப்பதில்லை, அதையும் வங்கியில் கேட்டு வையுங்கள்.

படித்து முடித்து அங்கேயே வேலை பார்த்து அடைத்துவிடுவான் என்கிறார்களா? நான் படித்த காலத்தில், படிப்பு முடிந்த பிறகு தங்கி வேலை தேடுகிற அந்த விசாவே இல்லை, மூட்டையைக் கட்டினேன். 2021-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பதினெட்டு மாதம்தான். இந்த வருடம் பணம் முழுசாகத் தேறாவிட்டால், சேர்க்கையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்குப் பையனையே நேரடியாக மெயில் போடச் சொல்லுங்கள். கன்சல்டன்சி வழியாக வேண்டாம்.

கேள்வி: அக்கா, ஜெர்மனியில் ஃபீஸே கிடையாதாமே! அங்கே போனால் வேலை பார்த்தே படித்துவிடலாமா?
– கல்லூரி மாணவி, ஆத்தூர்

பதில்: பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கிடையாது, உண்மைதான் பாப்பா. ஆனால் ஸ்டுட்கார்ட், ஹைடல்பெர்க் எல்லாம் இருக்கிற பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வாங்குகிறது. வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். முதலில் 11,904 யூரோவை முடக்கு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அது உன் பணம்தான், மாதம் 992 யூரோவாகத் திரும்ப வரும். விசாவுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் (உன் மார்க் ஷீட், பட்டமெல்லாம் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு கொடுப்பது) வேண்டும், அதற்கு இப்போதே விண்ணப்பி. அதைவிட முக்கியம், ஜெர்மன் படி. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம், பேக்கரிக் கல்லாவில் நிற்கிறவளிடம் யாரும் ஆங்கிலத்தில் ரொட்டி கேட்க மாட்டார்கள்.

கேள்வி: செப்டம்பரில் இங்கிலாந்து போகிறேன். சமையலுக்கு என்ன எடுத்துப் போகலாம்?
– குகை, சேலம்

பதில்: மூன்று லிட்டர் குக்கர், மிளகாய்ப் பொடி, சாம்பார் பொடி. வெளியே ஒரு வேளை சாப்பிட்டால் ஒரு மணி நேரக் கூலி போய்விடும் என்று நினைத்துக்கொண்டால் சமையல் தானாக வரும். நெய், பால்கோவா வேண்டாம். இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் சூப்பர் மார்க்கெட்டில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைப்பார்கள், ரொட்டியும் காய்கறியும் அப்போது வாங்கு. தட்டுவடை செட்டுக்கு நாக்கு ஏங்கும், அதற்கு மருந்தில்லை. ஜவ்வரிசி வடாம் எடுத்துப் போகலாம். ஆனால் விடுதியில் பொரிக்கும்போது ஜன்னலைத் திறந்து வை. நான் திறக்காமல் பொரித்து, புகையில் ஃபயர் அலாரம் அடித்து, ஐம்பது பேரை பிப்ரவரிக் குளிரில் செருப்பில்லாமல் ரோட்டில் நிற்க வைத்திருக்கிறேன்.