சூடானால் நின்றுபோகும் மினி டிராக்டர்: பம்பை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: ஏற்காட்டில் காபி, மிளகுத் தோட்டம் வைத்திருக்கிறோம். மூன்று சிலிண்டர் மினி டிராக்டர் ஒன்றைப் பழையதாக வாங்கி ஓட்டுகிறோம். காலையில் சுலபமாக ஸ்டார்ட் ஆகிறது. டிரெய்லரில் எரு ஏற்றிக்கொண்டு மேட்டில் போனால், ஒரு மணி நேரத்துக்குள் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. உடனே செல்ஃப் அடித்தால் எடுப்பதில்லை, அரை மணி நேரம் விட்டால் எடுக்கிறது. கரும்புகையும் வருகிறது. என்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பு போய்விட்டது, புதிது போடுங்கள் என்கிறார் மெக்கானிக். இருக்கிற பம்பையே சரிசெய்ய முடியாதா?

பதில்: பெரும்பாலும் முடியும். ஆனால் பழுது பம்பில்தானா என்பதே இன்னும் முடிவாகவில்லை. நீங்கள் சொன்னதில் முக்கியமானது அந்த அரை மணி நேரம். நின்றுபோய், கொஞ்சம் விட்டால் ஓடுகிற வண்டியில் நான் முதலில் பார்ப்பது இரண்டு இடங்கள்: டீசல் டேங்கின் மூடி, பம்பின் எலிமெண்ட்.

மூடியில் சின்னக் காற்றுத் துளை இருக்கும். டீசல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே போகவேண்டும். மண்ணோ குளவிக் கூடோ அதை அடைத்துவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, டேங்கிலிருந்து பெரிய பம்புக்கு டீசல் கொண்டுவரும் ஃபீட் பம்பால் அதை இழுக்க முடியாமல் போகும். வண்டி நிற்கும். மெதுவாகக் காற்று கசிந்து உள்ளே போனதும் மறுபடி எடுக்கும். எலிமெண்ட் தேய்ந்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே அறிகுறிதான். எலிமெண்ட் என்பது உருளையும் அதற்குள் ஓடும் பிளஞ்சரும் சேர்ந்த ஜோடி. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. தேய்மானத்தால் அது கூடிவிட்டால், சூடாகி நீர்த்துப்போன டீசல் அந்த இடுக்கில் கசிந்துவிடும். செல்ஃப் சுற்றும் குறைந்த வேகத்தில், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைத் திறக்கும் அழுத்தம் வராது. ஆறினால் டீசல் கெட்டியாகும், வண்டி எடுக்கும்.

எது என்று பிரித்துப் பார்ப்பது சுலபம். அடுத்த முறை மேட்டில் நின்றதும் கியரில் போட்டு, கை பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பிறகு டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, வண்டியும் உடனே எடுத்தால் பம்பைத் தொடவே வேண்டாம். எடுக்கவில்லையென்றால், பம்புக்கு டீசல் வரும் இடத்தில் உள்ள ஏர் எடுக்கும் (சிக்கிய காற்றை வெளியேற்றும்) ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பம்பை அடியுங்கள். குமிழி வந்தால் எங்கோ ஹோஸ் வழியாகக் காற்று புகுகிறது. சொட்டுச் சொட்டாக வந்தால் ஃபில்டர் அடைப்பு. ஏற்காட்டுப் பனியில் இரவெல்லாம் பாதி டேங்கோடு நிற்கும் வண்டியில் உள்சுவர் வியர்த்து தண்ணீர் சேரும், கேனில் ஏற்றிவரும் டீசலில் தூசியும் வரும். ஃபில்டருக்கு அடியில் உள்ள தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

குமிழியில்லாமல் தாராளமாக டீசல் வந்தும் வண்டி எடுக்கவில்லையா? பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் விடுங்கள். குளிர்ந்ததும் எடுத்தால் எலிமெண்ட் தேய்மானம் என்பது ஏறக்குறைய உறுதி. குளிர்ந்த தண்ணீரை மட்டும் சூடான பம்பின் மேல் ஊற்றிவிடாதீர்கள், பிளஞ்சர் இறுகிப்போகும். அப்படியே ஆயில் டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். பல மினி டிராக்டர்களில் பம்பு என்ஜினின் உடம்பிலேயே உட்கார்ந்திருக்கும், கசியும் டீசல் நேராக ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு ஏறி டீசல் வாடை வந்தால் அதற்கு மேல் ஓட்டவே கூடாது, பேரிங் போய்விடும்.

கரும்புகைதான் இடிக்கிறது. எலிமெண்ட் தேய்ந்தால் டீசல் குறையும், அதனால் கரும்புகை அதிகமாக வழியில்லை. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவே குறைகிறது. டர்போ இல்லாத என்ஜினில், கீழே சரியாக இருந்த டீசல் அளவே மேலே கூடுதலாகிப் புகைக்கும். அத்தோடு ஏர் ஃபில்டரையும், நாசில் ஒழுகுகிறதா என்பதையும் பாருங்கள். எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. பழைய வண்டி என்கிறீர்கள். இழுவை போதவில்லை என்று முன்னால் வைத்திருந்தவர் பம்பின் சீல் உடைத்து டீசலைக் கூட்டியிருக்கலாம். பம்பில் டீசல் அளவைக் கூட்டும் ஸ்க்ரூவில் கம்பிச் சீல் இருக்கிறதா பாருங்கள்.

சரி, பம்பில்தான் கோளாறு என்று தெரிந்துவிட்டது. வீட்டில் பிரிக்காதீர்கள், முழுசாகக் கழற்றி, பம்பை ஓட்டி அளந்து பார்க்கும் டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்பு லேபுக்குக் கொண்டுபோங்கள். சங்ககிரி, நாமக்கல் லாரித் தொழிலால் நம் பக்கத்தில் கை தேர்ந்த பம்பு மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்களுக்குப் பழக்கம் பெரும்பாலும் லாரி பம்பு. மினி டிராக்டர் பம்பை மாட்டும் அட்டாச்மெண்ட் இருக்கிறதா, உங்கள் மாடலுக்கு எலிமெண்ட் தனியாகக் கிடைக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். கிடைத்தால் எலிமெண்டும் டெலிவரி வால்வும் மாற்றி, மூன்று சிலிண்டருக்கும் ஒரே அளவு டீசல் விழும்படி காலிபரேட் செய்வதே புதுப் பம்பைவிட மலிவு. சில மாடல்களுக்கு முழு பம்பாகத்தான் வரும், அப்போது உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் வழி. நாசில்களையும் சேர்த்துக் கொடுங்கள். வண்டி ஏற்காட்டில் ஓடுகிறது என்பதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கீழே ஓடுகிற கணக்கில் டீசல் வைத்துவிடுவார்கள்.

கழற்றும்போது முதலில் சுற்றுப்புறத்தைக் கழுவித் துடைத்து, பைப் வாய்களை உடனே மூடுங்கள். பம்புக்கு அடியில் உள்ள ஷிம்களை (மெல்லிய தகடுகளை) எண்ணி எடுத்துவைத்து, அதே தடிமனைத் திருப்பிப் போடுங்கள். சில என்ஜின்களில் 0.1 மில்லிமீட்டர் மாறினாலே டைமிங், அதாவது டீசல் பீய்ச்சும் நேரம், ஒரு டிகிரி நகரும். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்பின் ரேக் கம்பி முனை, என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் லிவரில் கோத்திருக்கும். தூக்கும்போது அங்கே உள்ள ஸ்பிரிங் கழன்று என்ஜினுக்குள் விழுந்தால் கியர் கேஸைத் திறக்க நேரும்.

திருப்பி மாட்டும்போது ரேக் லிவரில் கோக்கவில்லையென்றால் என்ஜின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும், சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் போகலாம். முதல் ஸ்டார்ட்டில் ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவைத்து, ஒருவர் பலகைத் துண்டோடு நிற்கட்டும். வேகம் எகிறினால் பலகையால் குழாய் வாயை அடைக்கவேண்டும், கையால் அடைக்கக் கூடாது. ஏர் எடுப்பது ஃபில்டர், பம்பு, கடைசியாக நாசில் பக்க நட்டு என்ற வரிசையில். பீய்ச்சும் டீசலுக்கு முன்னால் விரலைக் கொண்டுபோகாதீர்கள். அது தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காயம். ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயும் வேண்டாம், வெடிக்கும்.

ஆயிலில் டீசல் கலந்திருந்தால் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பத்துப் பதினைந்து மணி நேரம் ஓடிய பிறகு டிப்ஸ்டிக்கில் மறுபடி அளவு ஏறியிருந்தால், எலிமெண்ட் மாற்றியது சரியில்லை என்று லேபில் கேட்கலாம். வேலையை ஒப்படைக்கும்போதே பழைய எலிமெண்டைக் கையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.