பாட்டியின் கதையில் ஒப்பந்தத்துக்கு எவ்வளவு இடம்?

இலங்கையின் தேயிலை மலைநகரான ஹட்டனில் தாயையும் தங்கையையும் விட்டுக் கணவரோடு இந்தியா வந்த பாட்டியை நாவலாக்குகிறீர்கள். நடுப்பகுதி வரலாற்றுப் பாடமாகிவிட்டது, பாட்டி அழுதுகொண்டே இருக்கிறார் என்கிறீர்கள். அந்தப் பகுதியைத் தயங்காமல் வெட்டுங்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு நான்கு வரி போதும்: இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று இரண்டு அரசுகள் மனிதர்களைப் பங்கிட்டன. அந்தப் பங்கீடு தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஓர் அறைக்குள் எப்படி நுழைந்தது என்பதுதான் உங்கள் நாவல்.

கல்யாணத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டார் இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டவர்கள், பெண் வீட்டார் இலங்கைக் குடியுரிமைக்கு. தெரிந்தேதான் தாய் சம்மதித்தாரா? பெண்ணிடம் யாராவது கேட்டார்களா? இதற்கே ஓர் அத்தியாயம் கொடுக்கலாம். டிரங்குப் பெட்டியில் எதை வைத்தார், இடமில்லாமல் எதை வெளியே எடுத்தார், கொழுந்துக் கூடையைத் தங்கையிடம் கொடுத்தபோது என்ன சொன்னார் என்று எழுதுங்கள். முடிவெடுக்கும் பெண் தானாக எழுந்து நிற்பாள். தலைமன்னார் கப்பலையும், வந்திறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமையும் விரைவாகக் கடந்துவிடுங்கள்.

நீலகிரியில் கணவர் இறந்ததை அழுகையால் நிரப்பாதீர்கள். அங்கும் தேயிலைதான், கைக்குப் பழகிய வேலை, ஆனால் ஊர் பாட்டியை ‘சிலோன்காரி’ என்றது. சாவுச் செய்தி கடிதமாக ஹட்டனுக்குப் போயிருக்கும். அதை யார் எழுதிக் கொடுத்தார்கள், தங்கை என்ன பதில் போட்டார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.