அடிப்பது பலமா, அடி தாங்குவது பலமா?

கேள்வி: கூடைப்பந்தில் எதிராளி மீது மோதினாலே ஃபவுல், அதாவது விதிமீறல், என்றுதான் பள்ளியில் கற்றோம். பிறகு ஏன் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வின் அணிகளுக்கு முரட்டு பலமும் மன உறுதியும் வேண்டும் என்கிறார்கள்? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: எல்லா மோதலும் ஃபவுல் என்று விதி சொல்வதில்லை. வளையத்தின் அடியில் நடப்பதைப் பாருங்கள். பந்து வளையத்தில் பட்டுத் திரும்புவதற்குள் எதிராளியை முதுகாலும் இடுப்பாலும் பின்னால் நிறுத்தி, காலூன்றி இடம் பிடித்தவருக்கே பெரும்பாலும் அந்தத் திரும்பும் பந்து (ரிபவுண்ட்) கிடைக்கிறது. இந்த உரசலை நடுவர் அனுமதிக்கிறார். ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் இதைத் தாங்கிய பிறகுதான் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே ஆஃப் சுற்றே தொடங்குகிறது.

1980களின் இறுதியில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் இந்த உரசலை விதியின் விளிம்புவரை, சில வேளை விளிம்பையும் தாண்டிக் கொண்டுசென்றது. சிகாகோ புல்ஸின் மைக்கேல் ஜோர்டனிடம் பந்து வந்தால் இருவர் மூவராக வளைத்துக்கொள்வதும், அவர் வளையத்தை நோக்கித் தாவினால் கீழே விழவைப்பதும் அவர்கள் வகுத்த திட்டம். 1988, 1989, 1990 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து புல்ஸ் பிளே ஆஃப் தொடரில் அவர்களிடம் தோற்றது. இந்தத் தோல்விகளின் காலத்தில் ஜோர்டன் பயிற்சியாளர் டிம் குரோவரின் மேற்பார்வையில் எடைப் பயிற்சி செய்து, மோதலைத் தாங்குமளவுக்கு உடலைக் கனப்படுத்திக்கொண்டார்.

என்னை அதிகம் ஈர்ப்பது ஜோர்டனின் அணித் தோழர் ஸ்காட்டி பிப்பென்தான். 1990 தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஒற்றைத் தலைவலியோடு ஆடிய அவர், எறிந்த 10 பந்துகளில் ஒன்றை மட்டுமே வளையத்துக்குள் போட்டார். அணி 93-74 என்று தோற்க, அவரை மென்மையானவர் என்று ஏசினார்கள். மறு ஆண்டு பிஸ்டன்ஸுடனான தொடரின் நான்காவது ஆட்டத்தில் அந்த அணியின் டென்னிஸ் ராட்மன் அவரைக் களத்துக்கு வெளியே தள்ளிவிட்டதில் மோவாய் கிழிந்தது. பிப்பென் கைகலப்பில் இறங்கவில்லை. எழுந்து வந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். புல்ஸ் 4-0 என்று தொடரை வென்றது. ஆட்டம் முடிய 7.9 வினாடிகள் இருக்கையில், பிஸ்டன்ஸ் வீரர்கள் பலர் கைகுலுக்காமலே வெளியேறினார்கள்.

கேள்வி: காயத்தோடு ஆடுவதுதான் மன உறுதியா? (வாசகி ஒருவர், சென்னை)

பதில்: மேலே நான் குறை சொன்ன அதே பிஸ்டன்ஸை இங்கே மெச்சவும் வேண்டியிருக்கிறது. 1988 இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் அந்த அணியின் ஐசையா தாமஸ் கணுக்கால் சுளுக்கிய பிறகும் நொண்டி நொண்டி ஆடி, ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவதில் மட்டும் 25 புள்ளிகள் எடுத்தார். அணி ஒரே புள்ளியில், 103-102 என்று தோற்றது. ஏழாவது ஆட்டத்தில் அந்தக் கால் இறுகிவிட்டதால் அவரால் முழுவீச்சில் ஆட முடியவில்லை. அந்த ஆட்டமும் 108-105 என்று கைவிட்டுப் போயிற்று. துணிவை நாம் பாராட்டலாம்; விலையைக் கொடுப்பது கால்தான்.

மனத்தின் காயமோ வெளியே தெரிவதில்லை. 2017 நவம்பரில் கிளீவ்லாந்து அணியின் கெவின் லவ், ஆட்டத்தின் நடுவே மூச்சுத் திணறி, நெஞ்சு படபடக்க உடைமாற்றும் அறைக்குள் போனார். அது திடீரென அச்சம் ஆட்கொள்ளும் பீதித் தாக்கு என்பதை அடுத்த மார்ச்சில் அவரே எழுதினார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் டொராண்டோவின் டெமார் டிரோசன் தமது மனச்சோர்வைப் பற்றிப் பேசியிருந்தார். அவர் பேசியிராவிட்டால் தாமும் எழுதியிருக்க முடியாது என்பதை லவ் மறைக்கவில்லை.