பாதையும் பாலமும் சொல்லும் பயணக் கணக்கு

கேள்வி: ஒரு நகரின் எதிர்காலப் போக்குவரத்துத் தேவையை மென்பொருள் எவ்வாறு கணிக்கிறது?
– வாசகர், கிண்ணியா

பதில்: விசும் போன்ற மென்பொருள்கள் நகரை வலயங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பயணங்கள் உருவாகும், அவை எங்கே செல்லும், பஸ்ஸிலா மோட்டார் சைக்கிளிலா, எந்த வீதியால் என நான்கு படிகளில் கணக்கிடுகின்றன. இவற்றுள் இரண்டாம் படியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பயண நேரமும் செலவும் கூடக்கூட இரு இடங்களுக்கிடையிலான பயணங்கள் குறையும் என்பதே அதன் அடிப்படை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை துறையடியில் பாதை எனப்படும் மிதவைப் படகுக்காகக் காத்து நின்றவர்களுக்கு இது நன்கு விளங்கும். காத்திருப்பு நீங்கியதும், முன்பு தவிர்க்கப்பட்ட பயணங்களும் புதிதாகத் தோன்றும் என்பதால், பாதையில் ஏறியவர்களின் தொகையை மட்டும் வைத்துப் பாலத்தின் தேவையைக் கணித்தால் அவை விடுபட்டுவிடும். எந்தக் கணிப்பு மாதிரியையும் நம்புமுன், இன்று திருகோணமலை உட்துறைமுக வீதியில் நின்று எண்ணிய வாகனத் தொகையை அது ஏறத்தாழச் சரியாகத் தருகிறதா என ஒப்பிட்டே ஆகவேண்டும்.