வாசிக்க வருகிறது, எழுத வரவில்லை: பாடத்திட்டத்தை மாற்றலாமா?

கேள்வி: அக்கா, என் மகனுக்கு எட்டு வயது. ஸ்கூலுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். ஆங்கிலத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு வாசிப்புத் திட்டம், அதே கம்பெனியின் ஸ்பெல்லிங் திட்டம், இரண்டும் இரண்டு வருடமாகப் போகிறது. காந்த எழுத்துகளை பீரோ கதவில் ஒட்டி, நகர்த்தி நகர்த்திச் சொல்லித்தரும் முறை. வாசிப்பு நன்றாகவே வந்துவிட்டது, மூன்றாவது பெட்டியில், அதாவது மூன்றாம் நிலையில் இருக்கிறான். ஸ்பெல்லிங்தான் உயிரை எடுக்கிறது. வெள்ளிக்கிழமை டிக்டேஷனில் பத்துக்குப் பத்து வாங்குகிறான், அதே வார்த்தைகளை அடுத்த புதன்கிழமை தப்பாக எழுதுகிறான். இப்போதெல்லாம் நோட்டை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்கிறான். வேளச்சேரியில் என் தோழி வேறொரு திட்டம் வைத்திருக்கிறாள், அவள் மகள் அழகாக எழுதுகிறாள். அதற்கு மாறிவிடலாமா? முழு செட் 18,000 ரூபாய் ஆகிறது. "ஸ்கூல்ல போட்டிருந்தா தானா வந்திருக்கும்" என்று மாமனார் தினமும் சொல்கிறார். அப்புறம், எங்கள் பெட்டி, தோழியின் பெட்டி இரண்டிலுமே ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறை என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் என்ன?
- ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். அந்தப் பணம் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், பாதி பதில் அதிலேயே இருக்கிறது. சாமுவேல் ஆர்ட்டன் அமெரிக்காவில் நரம்பியல் மருத்துவராக இருந்தவர், அன்னா கில்லிங்ஹாம் ஆசிரியை. எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறுகிற பிள்ளைகளுக்காக 1930களில் உருவான முறை அது. ஒலியையும் அதற்கான எழுத்தையும் ஒவ்வொன்றாக, சுலபமானதிலிருந்து கஷ்டமானதுக்கு, கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, வாயால் சொல்லி, கையால் எழுதிப் பழக்குவார்கள். ஒன்று படியாமல் அடுத்ததுக்குப் போகமாட்டார்கள். உங்கள் பெட்டியும் தோழியின் பெட்டியும் இதைத்தான் செய்கின்றன என்றால் இரண்டும் ஒரே கிணற்றுத் தண்ணீர். குடம்தான் வேறு. 18,000 ரூபாய் கொடுத்துக் குடத்தை மாற்றினால் உங்கள் பையனுக்குத் தொண்டையில் சிக்குவது சிக்கிக்கொண்டேதான் இருக்கும்.

வித்தியாசமே கிடையாதா என்றால், உண்டு. இந்தக் குடும்பத்துத் திட்டங்களில் சில, எழுத்துக் கூட்டணிகளை ஒவ்வொன்றாக வருடக்கணக்கில் பரப்பிச் சொல்லித்தரும். வேறு சில, எழுபது சொச்சம் கூட்டணிகளையும் ஆரம்பத்திலேயே அட்டையாகக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கும். ஓ-யூ-ஜி-ஹெச் என்ற நான்கு எழுத்து மட்டுமே ஆறு விதமாக ஒலிக்கும் என்று ஒரே மூச்சில் ஆறையும் சொல்லவைப்பார்கள். சில பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போகும், தோழியின் மகள் ஒருவேளை அந்த ரகமாக இருக்கலாம். நோட்டைப் பார்த்தாலே வயிற்றைப் பிடித்துக்கொள்கிற பையனிடம் இப்போது போய் அந்த அட்டைக் கட்டை நீட்ட நான் சொல்லமாட்டேன். தோழியின் பெட்டி இதில் எந்த வகை என்று ஒருநாள் நேரில் பிரித்துப் பாருங்கள், வாங்குவதற்காக இல்லை, தெரிந்துகொள்வதற்காக.

இன்னொன்று. வாசிப்பும் ஸ்பெல்லிங்கும் ஒன்றாகவே வளரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அப்படி வளராது. தமிழிலேயே பாருங்களேன். 'கறி' என்று அச்சில் இருந்தால் எந்தப் பிள்ளையும் வாசித்துவிடும். எழுதச் சொன்னால்தான் சின்ன 'ரி'யா பெரிய 'றி'யா என்று பேனா நிற்கும், ஏனென்றால் இப்போது நம் பேச்சில் இரண்டும் ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன, காது உதவாது, கண்ணில் பதிந்த நினைவுதான் கைகொடுக்க வேண்டும். வாசிப்பது அடையாளம் காண்பது. எழுதுவது ஒன்றுமில்லாத தாளில் நாமே வரவழைப்பது. ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் பத்து மடங்கு, அதனால் வாசிப்பில் மூன்றாவது பெட்டியில் இருக்கிற பையன் ஸ்பெல்லிங்கில் முதல் பெட்டியில் இருப்பது வெகு சாதாரணம். இரண்டையும் ஒரே நம்பரில் ஓட்டவேண்டும் என்று நினைத்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறீர்களோ என்றுதான் எனக்குச் சந்தேகம்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். என் மகளை ஐந்து வருடம் வீட்டில் வைத்துப் படிக்கவைத்தேன், அதில் முதல் இரண்டு வருடத்துக்குள் மூன்று திட்டம் மாற்றினேன். ஒவ்வொரு புதுத் திட்டமும் கேட், மேட், சேட் என்றுதான் தொடங்கும். மூன்றாவது புத்தகத்தை நான் ஆசையாகப் பிரித்தபோது முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, மறுபடியும் பூனையா?" என்றாள். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அவளுக்கு எங்கே சிக்குகிறது என்று நான் ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்க்கவே இல்லை, பெட்டியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

அதனால் நீங்கள் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். அவன் நோட்டில் கடந்த இரண்டு மாதத்தில் தப்பாக எழுதிய வார்த்தைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள், சரியானதைப் பக்கத்தில் எழுதாதீர்கள், அவன் எழுதியதை அவன் எழுதியபடியே. எழுதிவிட்டு உற்றுப் பாருங்கள். 'ஸ்டாப்' என்பதற்கு டி-யை விட்டுவிட்டு எஸ்-ஓ-பி என்று எழுதியிருக்கிறானா? அப்படியென்றால் ஒலியையே பிரித்துக் கேட்கவில்லை. அதற்கு நோட்டு வேண்டாம், வாயால் விளையாடினால் போதும். ஒரு வார்த்தை சொல்லி, ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு புளியங்கொட்டையை நகர்த்தச் சொல்லுங்கள். மழை என்னும் 'ரெயின்' வார்த்தைக்கு ஆர்-ஏ-என்-ஈ என்று எழுதியிருக்கிறானா? கவலையே வேண்டாம், அது நல்ல தப்பு. ஒலி முழுக்கக் கேட்டிருக்கிறான், அந்த ஒலியை எழுத இரண்டு வழி இருக்கும்போது ஒரு வழியைப் பிடித்திருக்கிறான், அவ்வளவுதான். எந்த வழி என்று சொல்ல அங்கே விதி கிடையாது, வாசிக்க வாசிக்கத்தான் கண்ணில் பதியும். விதி இருக்கிற இடமும் உண்டு. 'ஹேவ்', 'கிவ்' இரண்டிலும் கடைசி ஈ-யை விட்டுவிடுகிறான் என்றால், ஆங்கிலச் சொற்கள் பொதுவாக வி-யில் முடியாது, அதனால் ஈ துணைக்கு வந்து நிற்கிறது என்று சொல்லுங்கள், பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

மூன்றாவது வகைத் தப்பு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே உரியது, இதை வெளிநாட்டுப் பெட்டி எதுவும் சொல்லாது. திசையைச் சொல்லும் வெஸ்டும், உள்ளே போட்டுக்கொள்ளும் வெஸ்டும் நம் வாயில் ஒன்றுதான், தமிழில் இரண்டுக்கும் ஒரே 'வ'. கெட்டது என்னும் 'பேட்' வார்த்தையில் வருகிற உயிரொலி தமிழில் இல்லவே இல்லை, அதைப் படுக்கை என்னும் 'பெட்'டின் பக்கத்தில்தான் நம் காது கொண்டுபோய் வைக்கும். போதாக்குறைக்கு அந்தத் திட்டத்தின் வீடியோவில் பேசுகிறவர் அமெரிக்கர் என்றால் 'வாட்டர்' என்பதை 'வாடர்' மாதிரிச் சொல்வார். பையன் அங்கே ஒன்று கேட்கிறான், உங்கள் வாயில் வேறொன்று கேட்கிறான், புத்தகமோ "காதில் விழுவதை எழுது" என்கிறது. அவன் என்னதான் செய்வான், பாவம்! டிக்டேஷனை நீங்களே சொல்லுங்கள், எழுதுவதற்கென்று ஒரு குரல் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். புதன்கிழமையை 'வெட்-நெஸ்-டே' என்று உடைத்து, நண்பனை 'ஃப்ரி-எண்ட்' என்று இழுத்து. வெஸ்ட் வந்தால் "டபுள்யூ வெஸ்ட்" என்று சேர்த்தே சொல்லிவிடுங்கள், அதில் ஒன்றும் ஏமாற்று இல்லை.

சரி, நாளையிலிருந்து என்ன செய்வது? வாசிப்பைத் தொடாதீர்கள், அது ஓடுகிற வண்டி. ஸ்பெல்லிங் நோட்டை மட்டும் இரண்டு வாரம் எடுத்து பரண்மேல் வைத்துவிடுங்கள். வயிற்றுவலி போகட்டும். அந்த இரண்டு வாரமும் காந்த எழுத்து, இல்லையென்றால் ஒரு தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுதுவது, தினம் பத்து நிமிடம். அப்புறம் கையில் இருக்கிற திட்டத்திலேயே பின்னால் போங்கள், எங்கே பத்தில் ஒன்பது தடுமாறாமல் எழுதுகிறானோ அந்தப் பாடம் வரைக்கும். முதல் பெட்டி வரை போகவேண்டி வந்தாலும் போங்கள். அவனிடம் "திரும்பவும் முதலிலிருந்து" என்று சொல்லாதீர்கள்.

வெள்ளிக்கிழமை டிக்டேஷனை நிறுத்திவிடுங்கள். வாரம் முழுக்கப் பத்து வார்த்தையைத் தயார்செய்து வெள்ளிக்கிழமை ஒப்பித்தால் சனிக்கிழமையே கரைய ஆரம்பித்துவிடும், புதன்கிழமை நீங்கள் பார்ப்பது அதைத்தான். அதற்குப் பதிலாக தினமும் இரண்டு புது வார்த்தை, ஐந்து பழைய வார்த்தை. பழையது என்றால் போன வாரத்தது, போன மாதத்தது எல்லாம் கலந்து. மறக்கிற நேரத்தில் ஒருமுறை நினைவுக்குக் கொண்டுவந்தால்தான் அது ஊன்றும்.

இப்படி மூன்று மாதம் ஒழுங்காகப் போன பிறகும் ஒரே வார்த்தையை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறான் என்றால், அப்போதும் பெட்டி வாங்க ஓடாதீர்கள், முதலில் பரிசோதனை. கண்ணும் காதும் பார்த்துவிடுங்கள். அதன்பிறகு கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று மதிப்பீடு. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் மாதிரி இதற்கென்றே இருக்கிற அமைப்பு உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே குறிப்பிட்ட கற்றல் குறைபாடு சேர்க்கப்பட்டிருக்கிறது, அதனால் இதில் மறைக்கவோ கூசவோ எதுவும் இல்லை, தெரிந்துகொள்வது அவனுக்கு நல்லது.

திட்டத்தை உடனே மாற்றவேண்டிய ஒரு நிலைமை உண்டு, அது உங்களுக்கு இருப்பதாகத் தெரியவில்லை, இருந்தாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நிஃப், லம், ஸ்டெப் என்கிற மாதிரி சிலவற்றை, அதில் அர்த்தமே இல்லாத சொல்லும் கலந்து, ஆங்கிலத்தில் எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். கூட்டி வாசித்தால் நல்லது. திருதிருவென்று விழித்தால், அல்லது தெரிந்த வேறொரு வார்த்தையைச் சொன்னால், பிள்ளை இத்தனை நாளும் படத்தையும் முதல் எழுத்தையும் பார்த்து யூகித்துக்கொண்டிருந்திருக்கிறது. அப்படிப்பட்ட திட்டத்தில் ஒரு நாள்கூட இருக்கவேண்டாம்.

மாமனாரிடம் வாக்குவாதம் வேண்டாம். சாயந்திரம் பேரன் அவருக்குப் பத்து நிமிடம் பேப்பர் வாசித்துக் காட்டட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டிலும் ஹோம்ஸ்கூல்தான். ஆறு வயது மகளுக்கு ஆங்கில ஃபோனிக்ஸ் (ஒலியை வைத்து எழுத்துக்கூட்டும் பாடம்) ஓடிக்கொண்டிருக்கும்போதே தமிழ் எழுத்தும் தொடங்கினால் குழம்பிவிடுவாளா?
- ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: குழம்பமாட்டாள், தாராளமாகத் தொடங்குங்கள். 247 எழுத்து என்று மலைக்கவேண்டாம், உயிர் 12, மெய் 18, அப்புறம் துணைக்கால், கொம்பு, கொக்கி இவை எங்கே ஒட்டும் என்று பழகிவிட்டால் மீதி தானாக விரியும். ஆங்கிலம் காலையில் என்றால் தமிழ் சாயந்திரம், நோட்டும் வேறு வேறு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். எந்தத் தமிழ்ப் புத்தகம் என்று அவளே எடுக்கட்டும், மிகச் சின்னப் பிள்ளைகளுக்கானதை எடுத்தாலும் விட்டுவிடுங்கள்.