ஜப்பானில் ஒரு பள்ளி ஆண்டு: பரிமாற்ற மாணவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பள்ளிப் பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பான் போய், நாகானோ பக்கம் ஒரு குடும்பத்தோடு தங்கி, அங்கேயே மேல்நிலைப் பள்ளியில் படித்தவள் நான். இப்போது அங்கே போகிற பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் கிளம்பும் முன் உதவி வருகிறேன். கேள்விகள் நிறைய வந்திருந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பிளஸ் ஒன் மாணவன், திருச்சி): அக்கா, இதற்கெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் போக முடியுமா? எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?

அப்படி இல்லை தம்பி. எனக்கு நன்றாகத் தெரிந்த வழிகள் இரண்டு. ஒன்று ஏ.எஃப்.எஸ். முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்கத் தொண்டர்களிடமிருந்து வளர்ந்த அமைப்பு அது. 1947 முதல் பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பி வருகிறது, இந்தியாவிலும் இருக்கிறது. இன்னொன்று ரோட்டரி இளைஞர் பரிமாற்றம், அதற்கு உங்கள் ஊர் ரோட்டரி சங்கத்தில் போய்க் கேட்க வேண்டும். ஜப்பான் கல்வி அமைச்சகம் 2018-இல் ‘ஆசியா ககேஹாஷி’ என்று ஓர் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கி, ஏ.எஃப்.எஸ். மூலம் நடத்தியது. இந்தியப் பிள்ளைகளும் அதில் போயிருக்கிறார்கள். இந்த வருஷம் என்னென்ன உதவித்தொகை இருக்கிறது என்று ஏ.எஃப்.எஸ். இந்தியாவிடம் நேராகவே கேட்டுவிடு.

நேர்காணலில் மார்க்கை மட்டும் பார்க்க மாட்டார்கள். இன்னொருவர் வீட்டில் இந்தப் பிள்ளையால் மாதக்கணக்கில் ஒத்து வாழ முடியுமா என்றுதான் முக்கியமாகப் பார்ப்பார்கள். ஒன்று சொல்கிறேன், கீழே வருகிற பாதிப் பதில்களுக்கு இதுதான் அடிப்படை: உன்னைத் தங்கவைக்கிற குடும்பத்துக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. அவர்களாக விரும்பி உன்னைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

கேள்வி (ஓர் அம்மா, ஈரோடு): நாங்கள் சுத்த சைவம். முட்டைகூடச் சேர்க்க மாட்டோம். என் மகள் அங்கே பட்டினி கிடக்காமல் இருப்பாளா?

பட்டினி கிடக்க மாட்டாள் அம்மா. ஆனால் ‘சைவம்’ என்ற ஒரு வார்த்தையை மட்டும் எழுதி அனுப்பினால் ரொம்பவே திண்டாடுவாள்.

காரணம் தாஷி. சூப், குழம்பு, வேகவைத்த காய்கறி என்று ஜப்பானியச் சமையலில் பாதிக்கு மேல் அந்தச் சாற்றில்தான் தொடங்கும். அது பெரும்பாலும் கட்சுஓபுஷியில் செய்வது, அதாவது சூரை மீனைப் புகைபோட்டு உலர்த்திச் சீவியது, கிட்டத்தட்ட நம் மாசிக் கருவாடு. மிசோ சூப்பில் மீன் துண்டு ஒன்றுகூடக் கண்ணில் படாது, வீட்டம்மாவும் அது சைவம் என்று நம்பித்தான் கொண்டுவந்து வைப்பார். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்ன பிறகும் சாலட்டில் ஹாம் துண்டு வரும், ஏனென்றால் பலர் அதை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கடையில் விற்கிற கறிக்குழம்புக் கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருப்பது சாதாரணம்.

அதனால் விண்ணப்பம் போடும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். தாஷி பரவாயில்லையா, கேக்கில் இருக்கிற முட்டை பரவாயில்லையா, எதைக் கட்டாயம் தொடமாட்டாள் என்று தெளிவாக எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் ‘கூடாது’ என்றால் குடும்பம் கிடைப்பது கடினமாகும், இதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. தாஷியைக் கடற்பாசியிலும் உலர்ந்த ஷீதாகே காளானிலும்கூடச் செய்யலாம், கேட்டால் அப்படிச் செய்துகொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. தோஃபு, நாட்டோ என்கிற புளிக்கவைத்த சோயா, உமெபோஷி என்கிற புளிப்பான ஊறுகாய்ப் பழம் வைத்த ஒனிகிரி என்கிற சோற்று உருண்டை, காய்கறி, பழம் எல்லாம் கிடைக்கும். சர்க்கரை சேர்க்காத தயிர் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் உண்டு. அவர்களின் அரிசி குழைவானது, தயிர்சாதத்துக்கு நம் அரிசியைவிட நன்றாகவே வரும்.

இன்னொரு விஷயம். மேல்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் மதியச் சாப்பாடு போடமாட்டார்கள், வீட்டிலிருந்து பென்தோ கட்டிக்கொண்டு போக வேண்டும், அதற்காக அந்த வீட்டம்மா விடிகாலையில் எழுந்திருப்பார். போகும் முன் உங்கள் மகளுக்கு ரசம், உருளைக்கிழங்கு வறுவல், சப்பாத்தி மூன்றையும் யார் துணையும் இல்லாமல் செய்யக் கற்றுக்கொடுங்கள். தன் பென்தோவைத் தானே கட்டுகிற பிள்ளையின் சாப்பாட்டுக் கவலை பாதி தீர்ந்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமை அவள் சமைத்து அந்த வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டால் மீதியும் தீரும்.

கேள்வி (மாணவி, மதுரை): ஒரே தொட்டித் தண்ணீரில் வீடே குளிக்கும் என்கிறார்களே, எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

குளிப்பது தொட்டிக்கு வெளியே, தங்கச்சி. முதலில் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து சோப்பு, ஷாம்பூ போட்டு நுரை ஒரு துளி இல்லாமல் அலசிவிட வேண்டும். அப்புறம்தான் வெந்நீர்த் தொட்டியில் இறங்கி உட்காருவது. அது அழுக்குப் போக்க அல்ல, உடம்பு சூடேறிக் களைப்பு தீர. ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தனியாகப் போவார். முடித்துவிட்டு அடைப்பானை இழுத்துத் தண்ணீரைத் திறந்துவிடாதே, மூடியைப் போட்டு வைத்துவிட்டு வா, அந்தத் தண்ணீருக்காக இன்னொருவர் காத்திருப்பார். சில வீடுகளில் மறுநாள் அதே தண்ணீர் துணி துவைக்கவும் போகும்.

நம் பிள்ளைகளுக்கென்று ஒரு எச்சரிக்கை: தலைக்கு எண்ணெய் வைத்த அன்று நன்றாக அலசாமல் தொட்டியில் இறங்கினால் எண்ணெய் மேலே மிதக்கும். அன்றைக்கு ஷவரோடு நிறுத்திக்கொள், அல்லது கடைசியாகக் குளி. தொட்டியில் இறங்க மனமே வரவில்லை என்றால் ‘எனக்கு ஷவர் போதும்’ என்று சொல்லலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஆனால் ஜனவரியில் நாகானோவில் அறைக்குள்ளேயே மூச்சு புகையாக வரும்போது நீயே இறங்குவாய். பெரும்பாலான வீடுகளில் வீடு முழுக்கச் சூடாக்கும் வசதி கிடையாது, ஆள் இருக்கிற அறையை மட்டும்தான் சூடாக்குவார்கள்.

கேள்வி (மாணவன், சேலம்): என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. சிக்கல் வருமா?

சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் ஜப்பானியப் பள்ளியில் எல்லோரையும் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்கள், அதனால் வருகைப் பதிவிலிருந்து ஷூ அலமாரிவரை உன் அப்பா பெயரே ஒட்டியிருக்கும். பத்து மாதம் அப்பா பெயரில் வாழ வேண்டாம் என்றால், பள்ளி தொடங்கும் முன்பே வகுப்பாசிரியரிடம் ‘என்னை இந்தப் பெயரில் கூப்பிடுங்கள்’ என்று சொல்லிவிடு. வெளிநாட்டுப் பெயர்களை அங்கே கதகானா என்ற எழுத்தில்தான் எழுதுவார்கள், உன் பெயரை அதில் எப்படி எழுதுவது என்று நீயே தீர்மானித்துக் கொண்டுபோ. பெயரில் ழகரமோ லகரமோ இருந்தால் எப்படியும் ரகரம் ஆகிவிடும், நீளமாகவும் இருந்தால் நீயே சுருக்கிக் கொடு. நீ சுருக்காவிட்டால் அவர்கள் சுருக்குவார்கள்.

கேள்வி (மாணவி, நாகர்கோவில்): கம்மல், மூக்குத்தி, பொட்டு எல்லாம் போடலாமா?

நிறையப் பள்ளிகளில் காது குத்துவதற்கே தடை உண்டு. தலைமுடிக்குச் சாயம், நகப்பூச்சு, ஒப்பனை எல்லாமே கூடாது. நமக்குக் குழந்தையிலேயே காது குத்திவிடுகிறார்கள் என்பது அங்கே பலருக்குத் தெரியாது. குடும்ப வழக்கம் என்று திட்ட அலுவலகம் மூலம் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் சின்னக் கம்மலுக்கு அனுமதி கிடைக்கலாம், ஆனால் நம்பிக்கொண்டு போகாதே. பள்ளி நேரத்தில் கழற்றி வைக்க மனதைத் தயார்செய்துகொள். மூக்குத்திக்கு அனுமதி வாங்குவது இன்னும் கடினம். பொட்டைப் பற்றிப் பெரும்பாலும் ஆர்வமாகக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

கேள்வி (ஓர் அப்பா, கோவை): நிலநடுக்கம்தான் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான் சார். சிறு அதிர்வுகள் வந்துகொண்டேதான் இருக்கும். பெரிய அதிர்வு என்றால் பல சமயம் சில நொடிகளுக்கு முன்பே எல்லோர் கைப்பேசியும் ஒரே சமயத்தில் அலறும். 1981-இல் கட்டட விதிகளைக் கடுமையாக்கினார்கள், அதற்குப் பின் கட்டியவை கூடுதல் பாதுகாப்பு. 1923-இல் தோக்கியோ பகுதியை அழித்த நிலநடுக்கத்தின் நினைவாக செப்டம்பர் 1 பேரிடர்த் தடுப்பு நாள், பள்ளிகளில் மேசைக்கடியில் புகுந்து தலையைக் காப்பதிலிருந்து வரிசையாக மைதானத்துக்கு வருவதுவரை பயிற்சி நடக்கும். உங்கள் பிள்ளை செய்ய வேண்டியது: முதல் வாரமே வீட்டில் அவசரப் பை எங்கே, ஒதுங்குமிடம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. நீங்கள் செய்ய வேண்டியது: செய்தி பார்த்ததும் விடாமல் அழைக்காமல், ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருப்பது. அந்த நேரத்தில் தொடர்புகள் நெரிசலாக இருக்கும்.

கேள்வி (குமமோட்டோவில் இப்போது படிக்கிற மாணவி): வந்து இரண்டாவது மாதம். முதல் வாரம் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். இப்போது யாரும் பேசுவதில்லை. மதியம் தனியாகச் சாப்பிடுகிறேன், இரவு அழுகிறேன். திரும்பி வந்துவிடலாமா?

தங்கச்சி, இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

முதல் வாரக் கூட்டம் கலைவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடக்கிறது. அவர்கள் உன்னை ஒதுக்கவில்லை. உன்னிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டுமே, தப்பாகப் பேசிவிட்டால் என்ன செய்வது என்று கூச்சப்பட்டுத்தான் விலகி நிற்கிறார்கள். உனக்கும் ஜப்பானியம் இன்னும் வரவில்லை. இரண்டு பக்கமும் காத்துக்கொண்டிருந்தால் மாதங்கள் போய்விடும். அதனால் முதல் அடியை நீதான் எடுத்துவைக்க வேண்டும். இது நியாயமில்லைதான், ஆனாலும் உண்மை.

வகுப்பில் நட்பு பிடிக்க முயலாதே, புகாட்சுவில் சேர். பள்ளி முடிந்த பிறகு நடக்கிற மன்றச் செயல்பாடுகள் அவை: வில்வித்தை, டேபிள் டென்னிஸ், தேநீர்ச் சடங்கு, வாத்தியக் குழு, சமையல் என்று ஏதாவது இருக்கும். அங்கே பேச்சு குறைவு, வேலை அதிகம். சேர்ந்து வலை கட்டுகிறவர்களும் பந்து பொறுக்குகிறவர்களும் தானாகவே நெருங்கிவிடுவார்கள். மூத்தவர்களை மரியாதையாக வணங்கு, நேரத்துக்கு முன்னால் போ, திறமை அப்புறம் வரட்டும். தினமும் வகுப்பறையை மாணவர்களே கூட்டித் துடைக்கிற நேரம் இருக்குமே, அதையும் விடாதே. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஒருத்தியிடம் போய் ‘எந்தப் பக்கம்?’ என்று கேள். ஜப்பானிய வாக்கியத்தில் வினை நம் தமிழ் மாதிரி கடைசியில்தான் வரும், வேற்றுமை உருபும் பெயருக்குப் பின்னால்தான். ஆங்கிலத்தில் யோசித்து மாற்றாமல் தமிழில் யோசி, வாய் சீக்கிரம் திரும்பும். மதியம் இருவராக உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் போய் ‘இங்கே உட்காரலாமா?’ என்று கேள். ஐந்தாறு பேர் கூட்டத்தைவிட இருவரிடம் போவது எளிது.

அப்புறம் கைப்பேசி. அங்கே இரவு 9 மணி என்றால் வீட்டில் மாலை ஐந்தரை, அம்மா அப்போது ஓய்வாகத்தான் இருப்பார், அதனால் தினமும் கூப்பிடத் தோன்றும். தினமும் பேசினால் உன் மனம் வீட்டிலேயே இருக்கும், அழுகையும் நிற்காது. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்று. அம்மாவிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு மாற்று, இல்லாவிட்டால் அவர் பயந்துவிடுவார்.

சாப்பிட முடியவில்லை, தூக்கமே வரவில்லை என்ற நிலை இருந்தால் மேலே சொன்னதை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு இன்றைக்கே உன் எல்.பி.யைக் கூப்பிடு. உனக்கென்று நியமித்த தொடர்பாளர் அவர், இதற்காகத்தான் இருக்கிறார். உதவி கேட்டதற்காக யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. திரும்புவதா வேண்டாமா என்று அழுதுகொண்டிருக்கிற இரவில் முடிவெடுக்காதே. பகலில், அவரோடு பேசி எடு. நீ திரும்பி வந்தாலும் அது தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி (ஒசாகா பக்கம் இருக்கிற மாணவன்): வீட்டம்மா என்னிடம் எதுவும் சொல்வதில்லை, ஆனால் கோபமாக இருக்கிற மாதிரி தெரிகிறது.

பெரும்பாலும் இருக்கிறார் தம்பி. முகத்துக்கு நேராகக் குறை சொல்வதை அங்கே பலர் தவிர்ப்பார்கள். ‘இன்றைக்கு லேட்டாகிவிட்டதே’ என்று சிரித்துக்கொண்டே சொன்னால் அதுவே கண்டிப்பு. சாப்பாட்டு நேரத்துக்கு வராமல் தகவலும் சொல்லாமல் இருந்தாயா? சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டாயா? ஷவரை அரைமணி நேரம் ஓடவிட்டாயா? கழிவறைச் செருப்போடு கூடத்துக்கு நடந்தாயா, தாதாமி பாயில் செருப்போடு ஏறினாயா? வந்ததும் ‘தாதாய்மா’, அதாவது ‘வந்துவிட்டேன்’ என்று சொல்லாமல் நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாயா? கடைசியாகச் சொன்னதுதான் பல வீடுகளில் அதிகம் வருத்தும். உன் வீட்டில் நீ அப்படிச் செய்தால் அம்மா திட்டித் தீர்த்துவிடுவார், இங்கே திட்டமாட்டார்கள்.

இன்றைக்குச் சாப்பிட்டு முடித்து, பாத்திரத்தைக் கழுவிவிட்டு, ‘நான் மாற்றிக்கொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா, தயவுசெய்து சொல்லுங்கள்’ என்று கேள். முதல் தடவை ‘ஒன்றுமில்லை’ என்பார். விடாதே, ஒரு வேலையை உனதாக எடுத்துக்கொள். குப்பை நல்ல வேலை. எரிகிற குப்பை, பிளாஸ்டிக், பாட்டில் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கிழமை உண்டு, பாட்டிலில் மூடியையும் மேலுறையையும் உரித்துவிட வேண்டும். அதைச் சரியாகச் செய்கிற பிள்ளையை வீட்டில் எல்லோரும் கவனிப்பார்கள். உண்மையிலேயே ஒத்துவரவில்லை என்றால் குடும்பத்தை மாற்ற வழி இருக்கிறது, அதையும் எல்.பி.யிடம்தான் பேச வேண்டும். யாராவது உன்னைத் தொட்டோ மிரட்டியோ துன்புறுத்தினால் இந்தப் பொறுமை எதுவும் வேண்டாம். உடனே சொல்.

கேள்வி: பகுதிநேர வேலை செய்யலாமா?

கூடாது. பொதுவாகத் திட்ட விதிகளே தடுக்கும். இன்னொன்று, 16 வயதானவர்கள் வசிப்பு அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும், பக்கத்துக் கடைக்குப் போனாலும்.

கேள்வி (ஓர் அம்மா, தஞ்சாவூர்): ஒரு வருஷப் படிப்பு போய்விடுமே?

போகலாம் அம்மா. ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும், பாடமும் ஜப்பானியத்தில்தான், அங்கே படித்ததை வைத்து இங்கே பிளஸ் ஒன் தேர்ச்சி கேட்க முடியும் என்று நினைக்காதீர்கள். திரும்பி வந்து எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்று தலைமையாசிரியரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே விண்ணப்பம் போடுங்கள். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு போவது நல்லது, பிளஸ் டூவில் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

கேள்வி: பெட்டியில் எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது?

கறிவேப்பிலை, மாம்பழம், வாழையிலை எதையும் வைக்காதீர்கள். தாவரப் பரிசோதனைச் சான்று இல்லாமல் பச்சைக் காய், கனி, இலை நுழையாது. இறைச்சி கலந்த எதுவும் கூடாது. சாம்பார் பொடி, ரசப்பொடி, புளிக்காய்ச்சல் வைக்கலாம், நன்றாக மூடி. மிக்ஸி, முடி உலர்த்தி வேண்டாம், அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் 230 வோல்ட் சாமான்கள் சரியாக ஓடாது. கைப்பேசி சார்ஜருக்குத் தட்டையான இரண்டு முள் அடாப்டர் போதும். கழற்றி மாட்ட எளிதான ஷூ வாங்குங்கள், ஒரு நாளில் எத்தனையோ தடவை கழற்ற வேண்டியிருக்கும். சாக்ஸில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பரிசு விலை உயர்ந்ததாக வேண்டாம், கொடுத்தால் அவர்கள் பதிலுக்கு அதே அளவு செய்ய வேண்டும் என்று சங்கடப்படுவார்கள். கோலப்பொடி ஒரு பொட்டலம், உங்கள் குடும்பப் படங்கள் நாலைந்து, அச்சிட்டதாக.